விட்மன் கவுன்ட்டியில் பண்ணை மானியம்: புதிதாக நிலம் எடுப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முன்பணம் கொடுத்துவிட்டு வந்து, "இந்த நிலத்துக்கு அரசு மானியம் வருமா?" என்று கேட்கும் நம்மவர்களை அடிக்கடி பார்க்கிறேன். கேள்வி சரிதான், கேட்கும் நேரம்தான் பிந்திவிட்டது. அமெரிக்காவில் பண்ணை மானியத்தின் பெரும்பகுதி நிலத்தின் மேல் இருக்கும் பழைய பதிவைப் பார்த்து வருகிறது. அந்தப் பதிவு நல்லபடியாக இருந்தால் பணம் வரும். இல்லையென்றால் நீங்கள் எவ்வளவு உழைத்தாலும் சில திட்டங்களில் ஒரு டாலர்கூட வராது. அதனால் இந்தக் கட்டுரை முன்பணத்துக்கு முந்தைய நாளிலிருந்து தொடங்குகிறது.

எடுத்துக்காட்டாக வாஷிங்டன் மாநிலத்தின் விட்மன் கவுன்ட்டியை வைத்துக்கொள்கிறேன் (கவுன்ட்டி என்பது நம் மாவட்டம் மாதிரி). அமெரிக்காவிலேயே அதிகம் கோதுமை விளையும் கவுன்ட்டிகளில் முன்னணியில் இருப்பது இது. கோதுமையோடு கொண்டைக்கடலை, மைசூர்ப் பருப்பு வகைகள், பட்டாணி எல்லாம் மாற்றுப்பயிராக இங்கே விளைகின்றன. புல்மன் ஊரில் ஆகஸ்ட் மாதம் பருப்புக்கென்றே ஒரு திருவிழா நடக்கும். நம் வீட்டுச் சுண்டலுக்கும் இந்த மேட்டு வயல்களுக்கும் தொடர்பு உண்டு: 2019 ஜூனில் இந்தியா அமெரிக்கக் கொண்டைக்கடலைக்கும் பருப்புக்கும் கூடுதல் சுங்கவரி போட்டது, 2023 செப்டம்பரில் நீக்கியது. அந்த மாதிரி முடிவுகள் இங்கே விலையை ஆட்டும்போதுதான் மானியம் வேலைக்கு வருகிறது. வேறு கவுன்ட்டியில் நிலம் பார்ப்பவர்களுக்கும் வழிமுறை இதேதான், பயிரும் தேதிகளும் மட்டும் மாறும்.

முதலில் உங்கள் விசா

இதைச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர் இந்தத் திட்டங்களின் கணக்கில் வெளிநாட்டவர். வெளிநாட்டவருக்கு நேரடி மானியம் கிடைக்க வேண்டுமென்றால் நிலமும் முதலும் கொடுப்பதோடு, வயலில் கணிசமான உடலுழைப்பும் அவரே போட வேண்டும். எச்-1பி விசாவில் இருப்பவர் இன்னொரு வேலையாக டிராக்டர் ஓட்டினால் அது குடிநுழைவுச் சிக்கலில் கொண்டுபோய் விடலாம். ஆக, எச்-1பி காலத்தில் மானியத்தை வரவுக் கணக்கில் எழுதிக்கொண்டு நிலம் வாங்காதீர்கள். குடிநுழைவு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. 1978-ல் வந்த ஒரு சட்டப்படி, வெளிநாட்டவர் 10 ஏக்கருக்கு மேல் விவசாய நிலம் வாங்கினால் 90 நாளுக்குள் வேளாண் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். 10 ஆண்டு அல்லது அதற்கு மேற்பட்ட குத்தகையும் இதில் சேரும். அதற்கான படிவம் எஃப்.எஸ்.ஏ.-153. தெரிவிக்கத் தவறினால் அபராதம் நிலத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை போகலாம். பத்திரம் பதிவான வாரமே அந்தப் படிவத்தைக் கொடுத்துவிடுங்கள். அதை அடுத்த மாதத்துக்குத் தள்ளுவதில் ஒரு லாபமும் இல்லை.

வருமான வரம்பும் இருக்கிறது. மூன்று வரி ஆண்டுகளின் சராசரி வருமானம் 9 லட்சம் டாலரைத் தாண்டினால் பெரும்பாலான மானியங்களுக்குத் தகுதி போய்விடும். வருமானம் ஆளுக்கு ஆள் தனித்தனியாகத்தான் பார்க்கப்படுகிறது. கணவன், மனைவி இருவரும் சேர்ந்து வரி கட்டினாலும் கணக்காளர் சான்றோடு பிரித்துக் காட்டலாம்.

விற்பவரிடம் கேட்க வேண்டிய ஒரு தாள்

நம் ஊரில் நிலம் பார்க்கப் போனால் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று கேட்போம். இங்கே அவற்றுக்கு நிகரானவற்றை, நில உரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் நிறுவனம் பார்த்துக்கொள்ளும். ஆனால் மானியத்துக்கு வேண்டிய தாள் அவர்கள் கையில் இருக்காது. அதன் பெயர் எஃப்.எஸ்.ஏ.-156 ஈ.இசட். பண்ணைச் சேவை முகமை வைத்திருக்கும் பண்ணைப் பதிவின் சுருக்கம் அது. எஃப்.எஸ்.ஏ. என்று எல்லோரும் சொல்வது இந்த முகமையைத்தான். மத்திய வேளாண் துறையின் கீழ் ஏறத்தாழ எல்லாக் கிராமப்புறக் கவுன்ட்டிகளுக்கும் இதன் அலுவலகம் ஒன்று உண்டு. விட்மன் கவுன்ட்டிக்கு அது கோல்ஃபாக்ஸ் ஊரில் இருக்கிறது.

நீங்களே அலுவலகத்துக்குப் போய் "இந்த நிலத்தின் பதிவைக் காட்டுங்கள்" என்றால் காட்ட மாட்டார்கள். உழவர் கொடுத்த தகவலை அவர் சம்மதமின்றி வெளியே தரக் கூடாது என்று 2008-ஆம் ஆண்டின் பண்ணைச் சட்டம் சொல்கிறது. எனவே விற்பவர் அந்தத் தாளை எடுத்துக் கொடுக்க வேண்டும், அல்லது உங்களுக்குக் காட்டும்படி கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். தரத் தயங்குபவரிடம் காரணம் கேளுங்கள்.

தாளில் பார்க்க வேண்டியவை மூன்று. ஒன்று, பண்ணை எண்ணும் அதன் கீழ் வரும் நிலத்துண்டு (டிராக்ட்) எண்ணும். நீங்கள் வாங்குவது பெரிய பண்ணையின் ஒரு துண்டு என்றால், பதிவையும் பிரிக்க வேண்டியிருக்கும். இரண்டு, பேஸ் ஏக்கர். மூன்று, பயிர் செய்யாமல் புல்லாக விட்டுவைக்கும் சி.ஆர்.பி. ஒப்பந்தம் ஏதாவது நிலத்தின் மேல் இருக்கிறதா என்பது.

பேஸ் ஏக்கர்தான் எல்லாவற்றுக்கும் மூலம். பல ஆண்டுகளுக்கு முன்பு அந்த நிலத்தில் என்ன பயிர் எத்தனை ஏக்கரில் விளைந்தது என்ற வரலாற்றை வைத்து ஒதுக்கப்பட்ட எண் அது. நிலத்தை விற்றால் எண்ணும் கூடவே போகும். 100 ஏக்கர் கோதுமை பேஸ் இருக்கும் நிலத்தில் நீங்கள் இந்த ஆண்டு கொண்டைக்கடலை போட்டாலும் கோதுமைக் கணக்கில்தான் பணம் வரும். பக்கத்திலேயே, மண்ணும் மழையும் அதே மாதிரி இருக்கும் இன்னொரு 100 ஏக்கருக்கு பேஸே இல்லாமலும் இருக்கலாம். இது நியாயமா என்று கேட்டால், எனக்கு நியாயமாகப் படவில்லை. புதிதாக வருபவரை விட, தலைமுறையாக நிலம் வைத்திருப்பவருக்கே இந்த ஏற்பாடு சாதகம். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் நாடு முழுவதும் 3 கோடி ஏக்கர் வரை புதிய பேஸ் சேர்க்க இடம் கொடுத்தது, அதுவும் முந்தைய ஆண்டுகளில் விதைத்த பதிவு இருக்கும் நிலத்துக்குத்தான். ஆகவே விலை பேசும்போது பேஸ் உள்ள ஏக்கரையும் இல்லாத ஏக்கரையும் ஒரே விலைக்கு வாங்காதீர்கள்.

10 ஏக்கர் அல்லது அதற்குக் குறைவான பேஸ் உள்ள பண்ணைக்குப் பொதுவாக இந்தப் பணம் கிடையாது. புதிய விவசாயிக்கு அதில் விலக்கு உண்டு. புதிய விவசாயி என்றால் பண்ணை நடத்தத் தொடங்கி 10 ஆண்டுக்கு மேல் ஆகாதவர். இந்தத் தகுதி இன்னும் பல இடங்களில் உதவும், அதற்கான சி.சி.சி.-860 படிவத்தை முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.

சி.ஆர்.பி. நிலமா, நிதானம்

என் நண்பர் ஒருவர் அழகான புல் மேடு ஒன்றை வாங்கினார். இரண்டு பருப்பு வெள்ளாமை எடுத்துவிட்டால் கடன் பாதி அடைந்துவிடும் என்பது அவர் கணக்கு. அந்தப் புல் தானாக வளர்ந்தது அல்ல. மண் அரிப்பைத் தடுக்க, பயிர் செய்யாமல் புல்லாகவே விட்டுவைப்பதற்கு அரசு ஆண்டு வாடகை கொடுக்கும் சி.ஆர்.பி. நிலம் அது. 1985-ல் தொடங்கிய திட்டம், ஒப்பந்தம் 10 முதல் 15 ஆண்டு. நடுவில் நிலம் கைமாறி, புது உரிமையாளர் ஒப்பந்தத்தை ஏற்காவிட்டால், அதுவரை வாங்கிய வாடகையை வட்டியோடு திருப்பிக் கட்டச் சொல்வார்கள். அந்தப் பொறுப்பை வாங்குபவர் தலையில் வைக்கும் வரி ஒன்று அவருடைய விற்பனை ஒப்பந்தத்தில் எட்டாம் பக்கத்தில் இருந்தது. அவர் உழவில்லை. இன்றும் புல்லைத்தான் காத்துக்கொண்டிருக்கிறார், வாடகை மட்டும் வருகிறது.

சி.ஆர்.பி. மோசமான திட்டம் என்று நான் சொல்லவில்லை. விட்மன் கவுன்ட்டி இருக்கும் பாலூஸ் பகுதியின் மண் காற்று கொண்டுவந்து குவித்த வண்டல். மேடுகள் செங்குத்தாக இருக்கும், ஒரு பெருமழையில் மேல்மண் பள்ளத்துக்கு வந்துவிடும். அங்கே புல் நிற்பது நிலத்துக்கு நல்லதே. தெரிந்து வாங்குங்கள் என்பதுதான் நான் சொல்வது.

அலுவலகத்தில் பதிவு

சரி, நிலம் கைக்கு வந்துவிட்டது, அல்லது குத்தகைக்கு எடுத்துவிட்டீர்கள். இப்போது போன் செய்து நேரம் வாங்கிக்கொண்டு கவுன்ட்டி அலுவலகத்துக்குப் போங்கள். அறுவடைக் காலத்தில் முன்னறிவிப்பில்லாமல் போனால் பாதி நாள் வீணாகும். பத்திர நகல் அல்லது எழுத்தில் உள்ள குத்தகை ஒப்பந்தம், அடையாள அட்டை, சமூகப் பாதுகாப்பு எண் அல்லது நிறுவனத்தின் வரி எண், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் கையில் இருக்கட்டும். எல்.எல்.சி. பெயரில் வாங்கியிருந்தால் அதன் பங்குதாரர் பட்டியலும் வேண்டும்.

நிரப்ப வேண்டிய படிவங்களில் முக்கியமானவை: பண்ணையை யார் எப்படி நடத்துகிறார் என்று சொல்லும் சி.சி.சி.-902, வருமான வரம்புக்கான சி.சி.சி.-941, மண் அரிப்பு மற்றும் சதுப்பு நிலம் பற்றிய ஏ.டி.-1026. மூன்றில் எது குறைந்தாலும் பணம் நிற்கும்.

902-ஐ நிரப்பும்போது உண்மையை மட்டும் எழுதுங்கள். "விவசாயத்தில் நேரடியாக ஈடுபடுபவர்" என்பதற்கு இங்கே இலக்கணம் உண்டு. நிலம், முதல், கருவி இவற்றில் ஒன்றைக் கொடுக்க வேண்டும், அதோடு உடலுழைப்பாகவோ நிர்வாகமாகவோ ஒரு பங்கும் இருக்க வேண்டும். உடலுழைப்பு என்றால் ஆண்டுக்கு 1,000 மணி நேரம் அல்லது அந்தப் பண்ணைக்கு வேண்டிய மொத்த நேரத்தில் பாதி, இரண்டில் எது குறைவோ அது. சியாட்டிலில் உட்கார்ந்துகொண்டு முழு நேரமும் உழைப்பதாக எழுதினால் பின்னால் தணிக்கையில் மாட்டுவீர்கள்.

குத்தகை எப்படி என்பதும் இங்கே பணத்தைத் தீர்மானிக்கும். ரொக்கக் குத்தகை என்றால் மானியம் முழுவதும் உழுபவருக்கு. நிலச் சொந்தக்காரருக்குக் கிடையாது. வாரத்துக்கு (விளைச்சலில் பங்குக்கு) விட்டிருந்தால், விளைச்சலை எந்த விகிதத்தில் பிரிக்கிறீர்களோ அதே விகிதத்தில் மானியமும் பிரியும். வாரத்தில் பங்கு வாங்கும் நிலச் சொந்தக்காரர் அந்த அளவில் நேரடியாக ஈடுபடுபவராகவே கருதப்படுவார். தூரத்தில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு இந்த ஒரு விதி மிகவும் பயன்படும். வாய்வழி ஒப்பந்தம் வேண்டாம், ஒரு பக்கமாவது எழுதி வாங்குங்கள்.

ஏ.டி.-1026-ல் கையெழுத்துப் போடும்போது, அரிப்பு அதிகமுள்ள மேட்டில் பாதுகாப்புத் திட்டப்படியே உழுவேன், ஈரநிலத்தை வடித்து வயலாக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கிறீர்கள். மீறினால் அந்த வயலுக்கு மட்டுமல்ல, எல்லா மானியமும் போகும். பயிர்க் காப்பீட்டுக்கு அரசு கொடுக்கும் பிரீமிய உதவியும் சேர்ந்தே போகும். மேட்டை உழுவதற்கு முன், அதே கட்டடத்தில் பெரும்பாலும் பக்கத்து மேசையில் இருக்கும் இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை அலுவலரிடம் வரைபடத்தைக் காட்டிக் கேளுங்கள்.

பணம் எப்படிக் கணக்காகிறது

இரண்டு திட்டங்களில் ஒன்றைப் பயிருக்குப் பயிர் தேர்ந்தெடுக்க வேண்டும். பி.எல்.சி. விலை வீழ்ச்சிக்கு. ஆர்க் என்பது வருமான வீழ்ச்சிக்கு.

பி.எல்.சி.யைக் கோதுமையில் பார்ப்போம். கோதுமைக்குச் சட்டம் வைத்திருக்கும் ஆதார விலை 2025 பயிரிலிருந்து புஷலுக்கு (கோதுமையில் சுமார் 27 கிலோ) 6.35 டாலர், அதற்கு முன்பு 5.50. நாடு தழுவிய ஆண்டுச் சராசரிச் சந்தை விலை இதற்குக் கீழே போனால் வித்தியாசத்தைக் கொடுப்பார்கள். பேச்சுக்கு, சராசரி விலை 5.50-ல் நின்றது என்று வைப்போம். வித்தியாசம் 85 சென்ட். உங்கள் நிலத்தின் பதிவில் உள்ள விளைச்சல் ஏக்கருக்கு 60 புஷல், பேஸ் 100 ஏக்கர். பேஸில் 85 சதவீதத்துக்குத்தான் பணம், அதாவது 85 ஏக்கர். 0.85 × 60 × 85 = 4,335 டாலர். இதில் கட்டாயப் பிடித்தம் 5.7 சதவீதம் போனால் ஏறக்குறைய 4,088 டாலர் கைக்கு வரும். நீங்கள் உண்மையில் எவ்வளவு விளைவித்தீர்கள், எந்த விலைக்கு விற்றீர்கள் என்பது இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை, கவனியுங்கள்.

ஆர்க் திட்டத்தில் கவுன்ட்டி முழுவதின் வருமானத்தைப் பார்க்கிறார்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் உச்சத்தையும் அடியையும் தள்ளிவிட்டு விலை, விளைச்சல் இரண்டுக்கும் சராசரி எடுப்பார்கள். இந்த ஆண்டின் கவுன்ட்டி வருமானம் அந்தச் சராசரியில் 90 சதவீதத்துக்குக் கீழே போனால் பணம், அதிகபட்சம் 12 சதவீதம் வரை. உங்கள் வயலில் மட்டும் ஆலங்கட்டி அடித்து, கவுன்ட்டியில் மற்றவர்களுக்கு நல்ல விளைச்சல் என்றால் ஆர்க்கில் ஒன்றும் வராது. அதற்குத்தான் காப்பீடு.

எதை எடுப்பது? 2025 பயிருக்கு மட்டும் இரண்டில் எது அதிகமோ அது தானாகவே கிடைக்கும். அதற்குப் பிறகு உங்கள் முடிவு. விலை சரியும் என்று பயந்தால் பி.எல்.சி., பகுதி முழுக்க வறட்சி வரும் என்று பயந்தால் ஆர்க். 2021-ல் பசிபிக் வடமேற்கில் அடித்த வெப்பத்தையும் வறட்சியையும் பார்த்தவர்கள் இரண்டாவதை அலட்சியமாகச் சொல்ல மாட்டார்கள். தேர்வு வேறு, ஆண்டுதோறும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுச் சேர்வது வேறு. தேர்வு செய்துவிட்டு அந்த ஆண்டுக் கையெழுத்தை மறந்தால் பணம் கிடையாது.

பணம் வரும் காலத்தையும் மனதில் வையுங்கள். கோதுமையின் சந்தை ஆண்டு ஜூன் முதல் மே வரை. அது முடிந்து கணக்குப் பார்த்து, அறுவடைக்கு அடுத்த ஆண்டு அக்டோபர் 1-க்குப் பிறகுதான் பணம். 2025 பயிருக்கு 2026 அக்டோபர். விதைக்கும் டீசலுக்கும் இதை நம்பாதீர்கள். ஆள் ஒருவருக்கு ஆண்டு உச்சவரம்பு 2025 பயிருக்கு 1,55,000 டாலர், புதியவர்கள் அதைத் தொடுவது அரிது.

விதைப்புக் கணக்கு

விதைத்த பிறகு, எந்தத் துண்டில் என்ன பயிர், எத்தனை ஏக்கர், எந்தத் தேதி என்று எஃப்.எஸ்.ஏ.-578 அறிக்கையாகக் கொடுக்க வேண்டும். வசந்தத்தில் விதைக்கும் பயிர்களுக்குப் பெரும்பாலும் ஜூலை 15. இலையுதிர் காலக் கோதுமைக்குத் தேதி வேறு, அலுவலகத்தில் கேட்டு நாட்காட்டியில் எழுதிக்கொள்ளுங்கள். விதைக்க முடியாமல் போன ஏக்கரையும், சும்மா கிடக்கும் ஏக்கரையும்கூடச் சொல்ல வேண்டும்.

எல்லாப் படிவத்திலும் இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். திடீரென்று வரும் உதவிகள் எல்லாம் இந்த அறிக்கையை வைத்தே வருகின்றன. 2024 பயிருக்காக 2025-ல் வந்த அவசர உதவியில் கோதுமைக்கு ஏக்கருக்கு 30.69 டாலர் என்று விகிதம் வைத்தார்கள். அறிக்கை கொடுத்திருந்தவர்களுக்கு விவரங்கள் நிரப்பப்பட்ட விண்ணப்பமே வீட்டுக்கு வந்தது. 2019-ல் வர்த்தகச் சண்டைக்காக வந்த உதவியில் ஒவ்வொரு கவுன்ட்டிக்கும் ஒரு விகிதம், ஏக்கருக்கு 15 முதல் 150 டாலர் வரை. அப்போதும் விதைத்த ஏக்கர்தான் கணக்கு. பேஸ் இல்லாத நிலத்துக்கும் இந்த மாதிரிப் பணம் வரும் என்பதால், பேஸ் இல்லையே என்று சோர்ந்து அறிக்கை கொடுக்காமல் விட்டுவிடாதீர்கள்.

பயிர்க் காப்பீடு இந்த அலுவலகத்தில் கிடைக்காது. அங்கீகாரம் பெற்ற தனியார் முகவரிடம் எடுக்க வேண்டும், பிரீமியத்தில் ஒரு பெரும்பகுதியை அரசு கொடுக்கிறது. புதிய விவசாயிக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல் உதவி, நிர்வாகக் கட்டணமும் இல்லை. விட்மன் பகுதியில் குளிர்காலக் கோதுமைக்குக் கடைசி நாள் செப்டம்பர் 30, வசந்தப் பயிர்களுக்குப் பெரும்பாலும் மார்ச் 15. முகவரிடம் சொல்லும் ஏக்கரும் 578-ல் எழுதும் ஏக்கரும் ஒன்றாக இருக்கட்டும்.

காய்கறி போடுபவர்களுக்கு

வெண்டை, கத்தரி, கீரை என்று ஐந்தாறு ஏக்கரில் தொடங்குபவர்கள் நம்மில் அதிகம். மேலே சொன்ன பி.எல்.சி., ஆர்க் இரண்டும் காய்கறிக்கும் பழத்துக்கும் கிடையாது. உங்களுக்கானவை வேறு. காப்பீடு கிடைக்காத பயிருக்கு நாப் என்ற திட்டம் உண்டு: விளைச்சல் பாதிக்கு மேல் போனால், அதற்கு மேற்பட்ட இழப்புக்குச் சந்தை விலையில் 55 சதவீதம் தருவார்கள். பயிருக்கு 325 டாலர் கட்டணம், புதிய விவசாயிக்கு அதுவும் இல்லை.

அடுத்தது ஈக்விப். பாலித்தீன் கூடாரம், சொட்டு நீர், மண் காப்பு வேலைகளுக்குச் செலவில் பங்கு கொடுக்கிறார்கள். புதிய விவசாயிக்கு 90 சதவீதம் வரை, அதில் பாதியை முன்பணமாகவும் கேட்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்பு குழி தோண்டினாலோ பொருள் வாங்கினாலோ அந்த வேலைக்குப் பணம் கிடையாது. ஆர்வத்தில் முந்திக்கொண்டு ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

பணம் வந்த பிறகு, வராத போது

வந்த பணம் வருமானம்தான், வரி உண்டு. ஜனவரியில் 1099-ஜி படிவம் வரும், விவசாய வரவு செலவுக்கான வரிப் படிவமான ஷெட்யூல் எஃப்-ல் காட்டுங்கள். யாருக்கு எவ்வளவு மானியம் போனது என்பது இங்கே பொதுத் தகவல். 1995 முதல் உள்ள தொகைகளைப் பெயரோடும் கவுன்ட்டியோடும் யாரும் தேடிப் பார்க்க முடியும். அதற்காகக் கூச்சப்பட வேண்டாம். வாங்குவதற்கு முன் உங்கள் கவுன்ட்டியில் எந்தத் திட்டத்தில் அதிகம் பணம் வருகிறது என்று நீங்களும் பார்த்துக்கொள்ளலாம்.

விண்ணப்பத்தை மறுத்தால் கடிதத்தில் காரணம் இருக்கும். 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். முதலில் கவுன்ட்டிக் குழுவிடம் போகலாம். அதில் இருப்பவர்கள் அதிகாரிகள் அல்லர், உள்ளூர் விவசாயிகள் தேர்ந்தெடுத்த உள்ளூர் விவசாயிகள். மூன்றாண்டுப் பதவி. அவர்களிடம் நேரில் போய், வரைபடத்தையும் ரசீதுகளையும் மேசையில் வைத்துப் பேசுங்கள். அங்கும் சரிவராவிட்டால் தேசிய மேல்முறையீட்டுப் பிரிவு இருக்கிறது. அந்தக் குழுவுக்கான வாக்குச்சீட்டு நவம்பரில் தபாலில் வரும். பண்ணை எண் வாங்கித் திட்டங்களில் சேர்ந்துவிட்டால் உங்களுக்கும் வாக்கு உண்டு. நிரப்பி அனுப்புங்கள்.